மாணிக்கம்மாளின் அரை டம்ளர்

பரமசிவம் காப்பியை வைத்து மனிதர்களை அளப்பவர். வேண்டியவர் வீட்டுக்கு வந்தால் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன் இறக்கி ஸ்ட்ராங்காகக் கொடுக்க வேண்டும். சங்கத்துச் சந்தா கேட்டு வருகிறவனுக்கு லைட்டாக ஒன்றைக் கலந்து கொடுத்து அனுப்பிவிடலாம். லைட் என்றால் இளப்பம், ஸ்ட்ராங் என்றால் பிரியம். அம்பாசமுத்திரத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தில் பர்மனென்ட் ஆன மனிதர், ஊரிலிருந்து மறக்காமல் எடுத்து வந்தது இந்த ஒரு நியாயத்தைத்தான். அது கடைசியில் அவரையே திருப்பி அடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

அவருக்குக் கன்வேயர் பெல்ட்டில் வேலை. பெல்ட் எங்காவது நின்றால் உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்தவள்தான் மாணிக்கம்மாள். புதுச்சேரிப் பெண். ஆறு மாதம் அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஏழாவது மாதம் பெல்ட் நிற்காமலே போன் பண்ணினார். பெல்ட் நின்றுவிட்டதா என்று கேட்டாள். இல்லை, ஓடுகிறது என்றார். "ஓடிகினு இருக்குதுன்னா எதுக்குங்க போன் பண்ணீங்க?" என்றாள் மாணிக்கம்மாள். 1972-இல் இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு, பிறகு சரியாகி, கல்யாணம் நடந்தது.

மாணிக்கம்மாளின் அப்பா வைத்திலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். மத்தியானச் சாப்பாட்டோடு ஆளுக்கு அரை டம்ளர் சிவப்பு ஒயின். அதை ஒயின் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், 'ரூஜ்' என்பார்கள். விலை மலிந்த சரக்கு. பிரான்சில் கூலிவேலை செய்கிறவன் மத்தியானச் சோற்றுக்கு வைத்துக்கொள்வது. லீவில் வருகிற சொந்தக்காரர்கள் பெட்டியில் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் தெரிந்த ஒரு கடைக்காரர் எடுத்து வைத்திருப்பார். பாட்டிலைத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் புதைத்துவைத்து, சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்து ஊற்றுவார்கள். மற்ற வீட்டில் மோர் எப்படியோ, அந்த வீட்டில் அது அப்படி. குடித்துவிட்டு யாரும் சத்தம் போட்டதில்லை, யாரும் சாய்ந்து கிடந்ததில்லை. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், வேலையைப் பார்த்தார்கள். மாணிக்கம்மாளுக்குப் பதினெட்டு வயது ஆனபோது அப்பா அவளுக்கென்று அடி கனத்த ஒரு சின்னக் கண்ணாடி டம்ளர் வாங்கிக் கொடுத்தார். அதைக் கல்யாணச் சீரோடு சீராக குவார்ட்டர்ஸுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே இதைப் பரமசிவத்திடம் சொல்லித்தான் இருந்தாள். குரலில் மயங்கிக் கிடந்த மனிதர் அப்போது எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பார். சரி, உங்க வீட்டுப் பழக்கம், இருந்துட்டுப் போகட்டும் என்றார். மாதத்துக்கு ஒருமுறை வைத்திலிங்கம் பஸ் ஏறி வருவார். பையில் மகளுக்குப் பிடித்த மீன் கருவாடு, வேட்டியில் சுற்றிய இரண்டு பாட்டில். பரமசிவத்துக்கு முதல் ஷிப்ட் இருக்கிற நாட்களில் மூன்று மணிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து சாப்பிடுவார்கள். அவள் அரை டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழம்புச் சோற்றுக்கு நடுவில் ஒரு வாய், ரசத்துக்கு நடுவில் ஒரு வாய் என்று குடிப்பாள். எக்ஸ்சேஞ்சில் நடந்த வேடிக்கையெல்லாம் அப்போதுதான் வரும். பரமசிவம் ஒருநாளும் தொட்டதில்லை. முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அந்த மூன்று மணி அவருக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் தனக்குப் பிறகு வரவே இல்லை என்று பின்னால் அவரே சொல்லுவார்.

கெடுத்தது ஒரு காலி பாட்டில். மாணிக்கம்மாள் சிக்கனக்காரி. பாட்டிலைக் கழுவி நல்லெண்ணெய் ஊற்றி அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் பேச்சியம்மாள் எண்ணெய் கடன் வாங்க வந்தவள், லேபிளைப் பார்த்தாள். அவளும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, பரமசிவத்துக்குத் தூரத்து உறவு வேறு. பால் பூத் வரிசையில் ஒருத்தி காதில் போட்டால் மறுநாள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். பொம்பளை குடிக்கிறாளாம் என்று ஆரம்பித்தது, கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் பிள்ளை ஏன் இல்லை என்பதற்கு பிளாக்கே ஒரு காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் போனது. குடிக்கிற வயிற்றில் எப்படித் தங்கும் என்றார்கள். ஷிப்ட் பஸ்ஸில் ஒருவன் இதைப் பரமசிவத்தின் காதுபடவே சொன்னான்.

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம், அவரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் பயந்த மனிதர், அவ்வளவுதான். நாலு பேர் என்ன சொல்லுவார்கள் என்பது அவருக்குச் சாப்பாட்டைவிட முக்கியம். அந்தச் சமயம் பார்த்து, 1974-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்தது. பரமசிவத்துக்கு அது சாக்காகப் போயிற்று.

அந்த மாதமும் வைத்திலிங்கம் வழக்கம்போல வந்தார். எல்லையில் சோதனை இருந்தும், பாட்டிலைக் கருவாட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். மகள் மத்தியானம் வெறும் சோறு தின்னக்கூடாது என்று கிழவருக்குக் கவலை. பரமசிவம் அவரை வாசலிலேயே நிறுத்தினார். சட்டத்தைச் சொன்னார், தன் வேலையைச் சொன்னார், இனிமேல் அந்தப் பையோடு இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். அக்கம்பக்கத்தில் இரண்டு கதவு திறந்தது. வைத்திலிங்கம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார், கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் மகள் கையில் கொடுத்தார், பையோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு நெய்வேலிக்கு வரவே இல்லை. நாலு வருஷம் கழித்துச் செத்துப்போனார்.

அன்றைக்கு மாணிக்கம்மாள் கேட்டாள், சட்டம்தான் காரணம் என்றால் சரி, ஆனால் அப்பாவை வாசலில் வைத்தா பேசுவது என்று. பரமசிவம் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"சட்டம் கெடக்கட்டும். ரெண்டு வருஷமா உன் வயித்துல ஏன் ஒண்ணும் தங்கலன்னு ஊரே சொல்லுது. எனக்கு மட்டும் காது இல்லையா?"

மாணிக்கம்மாள் அழவில்லை. உள்ளே போய் அந்தச் சின்ன டம்ளரைக் கழுவித் துடைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டு அலமாரியில் வைத்தாள். மணலில் மிச்சம் இருந்த பாட்டிலைச் செடிக்கு ஊற்றினாள். மறுநாள் மூன்று மணிக்கு மோர் ஊற்றிக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சுக் கதைகளும் அன்றோடு நின்றன. பரமசிவம் கேட்டால் சொல்லுவாள், தானாகச் சொல்ல மாட்டாள்.

பிள்ளை பிறக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்துக் கடலூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அந்த அம்மா மாணிக்கம்மாளிடம் ஒரு குறையும் இல்லை என்றார், அடுத்த வாரம் கணவரும் ஒரு டெஸ்ட் எடுக்கட்டும் என்றார். அடுத்த வாரம் பரமசிவத்துக்கு டபுள் ஷிப்ட் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. 1981-இல் சட்டம் மறுபடி மாறியது, வடலூரிலேயே கடை திறந்தார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த காலையில் மாணிக்கம்மாள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். சட்டம் விட்டாலும் அவர் விடவில்லை.

1985-இல் மாணிக்கம்மாளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. முப்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டுத் தைத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார்கள். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பரமசிவம் லீவு போட்டுவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தினமும் என்ன வேண்டும் என்று கேட்டார். ரசம் என்பாள், இரண்டு வாய் சாப்பிடுவாள். பண்ருட்டிப் பலாச்சுளை என்பாள், வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுவாள். எதையோ மனசில் வைத்துக்கொண்டு வேறு எதையோ கேட்கிறாள் என்று அவருக்கே தெரிந்தது. ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு வற்புறுத்திக் கேட்டார்.

"கோச்சிக்காதீங்க," என்றாள். "ஒரே ஒரு வாட்டி ரூஜ் வாங்கியாங்க. சோத்தோட அரை டம்ளர். அப்பா வூட்டு ஞாபகமாவே இருக்குது."

பதினோரு வருஷம் கழித்து அந்தச் சொல் அந்த வீட்டில் கேட்டது. பரமசிவம் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வடலூர்க் கடையில் பிரெஞ்சுச் சரக்கு கிடைக்காது. ஆனால் இதற்கு மிகச் சுலபமான வழி ஒன்று இருந்தது. மாணிக்கம்மாளின் தம்பி கோபாலகிருஷ்ணன் ஞாயிறுதோறும் அக்காவைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வாரமே கொண்டுவந்திருப்பான். ஆனால் அவன் அப்பாவை எந்த வாசலில் நிறுத்தினாரோ அதே வாசலில் நின்று, உங்க வீட்டு ரூஜ் ஒரு பாட்டில் கொண்டுவாப்பா என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்க முடியவில்லை. அவளும் தம்பியிடம் கேட்கவில்லை. கணவனுக்குத் தெரியாமல் தம்பி கையால் வாங்கிக் குடிக்கிற பெண் இல்லை அவள். அதனால் பரமசிவம் பேச்சியம்மாளை, ஆமாம், அதே பேச்சியம்மாளைத்தான், துணைக்கு உட்காரவைத்துவிட்டுத் தானே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார். மச்சினன் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

நாற்பத்தைந்து வயதில் முதன்முதலாக ஒயின் கடைக்குள் நுழைந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிரெஞ்சு சிவப்பு ஒயின் வேண்டும் என்றார். என்ன பெயர் என்று கடைக்காரர் கேட்டார். பெயர் தெரியவில்லை. இரண்டு வருஷம் தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், லேபிளை ஒருநாளாவது பார்த்திருக்கிறாரா? பேச்சியம்மாள் பார்த்த அளவுக்குக்கூட அவர் பார்க்கவில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். வேறு விதமாகக் கேட்டார்.

"லைட்டா வேணுமா சார், ஸ்ட்ராங்கா வேணுமா?"

அந்தக் கேள்வி பரமசிவத்துக்குத் தெரிந்த கேள்வி. சாகக் கிடக்கிற மனைவிக்கு, பதினோரு வருஷம் பட்டினி போட்டவளுக்கு, லைட்டாகவா வாங்கிப் போவார்? ஸ்ட்ராங்காகக் கொடுங்கள், இருப்பதிலேயே உசத்தியாகக் கொடுங்கள் என்றார். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பாட்டிலை எடுத்தார். பொர்தோ என்றார், பல வருஷம் பீப்பாயில் கிடந்து ஏறின சரக்கு என்றார். மைக்கூடு மாதிரி கறுத்திருந்தது. பரமசிவம் தன் ஆயுசில் ஒரு சாமானுக்கு அவ்வளவு கொடுத்ததில்லை. கொடுத்தபோது மனசு நிறைந்திருந்தது.

எல்லைச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றபோது பையை மடியில் அணைத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப்போனார். புதுச்சேரிச் சரக்கை எல்லை தாண்டிக் கொண்டுவருவது அப்போதும் குற்றம். பிடித்தால் வேலை போகும், மானம் போகும். போகட்டும் என்று நினைத்தார். இப்படி நினைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஏறி வந்த போலீஸ்காரர் அவர் வழுக்கைத் தலையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது, பானையடி மணல். பாட்டிலை ராத்திரி முழுக்க ஈர மணலில் புதைத்துவைத்தார். மறுநாள் பொத்தான்களைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினார். சோற்றைக் குழையப் பிசைந்து, ரசம் ஊற்றி, அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, டம்ளரைக் கையில் கொடுத்தார். மாணிக்கம்மாள் அந்த டம்ளரை முதலில் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு வாய் குடித்தாள்.

அவள் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். பரமசிவம் முன்னால் குனிந்து, அதுதானா, சரியானதுதானா என்று கேட்டார்.

"இதேதாங்க," என்றாள். "அப்பா குடுத்தாப்பலயே கீது."

பரமசிவம் திரும்பி நின்று அழுதார். சந்தோஷத்தில் அழுதார். கொஞ்சமாவது ஈடுகட்டிவிட்டோம் என்று நினைத்தார். அவள் கண்ணீரையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்.

தினமும் மத்தியானம் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். தினமும் குடித்தாள். நேரம் ஆகும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலாம் நாள், வேண்டாம் என்றால் விட்டுவிடு என்று அவரே சொல்லிப் பார்த்தார். "நீங்க வாங்கியாந்ததாச்சே," என்று டம்ளரை இழுத்துக்கொண்டாள். இன்னொன்றும் நடந்தது. எக்ஸ்சேஞ்சுக் கதைகள் திரும்ப வந்தன. மூச்சு வாங்கிக்கொண்டு, பாதியில் நிறுத்தி நிறுத்தி, பெல்ட் நிற்காமலே போன் பண்ணின ஒரு ஆளைப் பற்றிச் சொன்னாள். கோபாலகிருஷ்ணன் வந்த ஞாயிற்றுக்கிழமையன்று பரமசிவம் பாட்டிலை அலமாரிக்குப் பின்னால் மறைத்தார். அவளும் தம்பியிடம் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பாட்டில் தீர்ந்தது. பதினைந்தாம் நாள் விடிகாலையில், முதல் ஷிப்ட் சங்கு ஊதி முடிந்த பிறகு, மாணிக்கம்மாள் போய்விட்டாள்.

கருமாதி முடிந்ததும், இந்த மனிதரைத் தனியாக விட்டால் சாப்பிட மாட்டார் என்று கோபாலகிருஷ்ணன் அவரைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனான். மாமனார் செத்ததற்குப் பிறகு பரமசிவம் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அப்போதுதான். மறுநாள் மத்தியானம் மீன்குழம்பு. கோபாலகிருஷ்ணன் பானையடி மணலிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து தனக்கு அரை டம்ளர் ஊற்றிக்கொண்டான். வழக்கத்தில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைவு வந்து கூச்சப்பட்டான். டம்ளரை நகர்த்தி வைக்கப் போனான். பரமசிவம் தனக்கும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

டம்ளரில் விழுந்தபோதே நிறம் வேறாக இருந்தது. செம்பருத்தி இதழை நசுக்கித் தண்ணீரில் விட்டமாதிரி, அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரிந்தது. ஒரு வாய் குடித்தார். சில்லென்று இருந்தது. லேசான புளிப்பு, நாவல்பழம் தின்ற வாய் மாதிரி கொஞ்சம் துவர்ப்பு, அவ்வளவுதான். எரிச்சல் இல்லை, காட்டம் இல்லை. மோர் மாதிரி இறங்கிப் போயிற்று. ஷிப்ட் பஸ்ஸில் கேலி பேசினதும், கிழவரை வாசலில் நிறுத்தினதும், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் இதற்காகவா? இந்தத் தண்ணீருக்காகவா?

இதைத்தான் உன் அக்காள் குடிப்பாளா என்று பரமசிவம் கேட்டார்.

"இதேதான் மாமா. போஜொலேன்னு ஒரு பக்கம், அங்க வர்ற சரக்கு. மலிவு. அப்பா காலத்துலேர்ந்து வேற எதுவும் இந்த வூட்டுக்குள்ள வந்ததில்ல," என்றான் கோபாலகிருஷ்ணன். தினப்படி சோற்றோடு குடிப்பதற்கு லைட்டாக இருப்பதுதான் லட்சணம் என்றும் சொன்னான்.

பரமசிவம் மெதுவாக, தான் வாங்கின பாட்டிலைப் பற்றிச் சொன்னார். ஸ்ட்ராங்காகக் கேட்டது, மேல் தட்டு, பொர்தோ, மணலில் வைத்துக் குளிரவைத்துக் கொடுத்தது, எல்லாவற்றையும் சொன்னார். கோபாலகிருஷ்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அது கொழுத்த கறியோடு குடிக்கிறது, குளிரவைத்தால் இன்னும் கசக்கும், நல்ல வயிற்றுக்காரனுக்கே நெஞ்சை அறுக்கும் என்றான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை சித்தப்பா அதைக் கொடுத்து, அக்காள் ஒரு வாய் வைத்துவிட்டு முற்றத்தில் ஓடிப்போய்த் துப்பினதையும் சொன்னான். அந்தப் புண் வயிற்றோடு அதை எப்படிக் குடித்திருப்பாள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

பரமசிவத்துக்கு அந்த இறுக மூடின கண் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அவள் சுவரைப் பார்த்தது ஞாபகம் வந்தது. பன்னிரண்டு மத்தியானம்.

"நீங்க கோச்சிக்காதீங்க மாமா," என்றான் கோபாலகிருஷ்ணன், பேச்சை மாற்றுகிற எண்ணத்தில். "அக்கா ஒரு வாய் குடிச்சிட்டு வச்சிருக்கும். மீதிய என்ன பண்ணீங்க, கொட்டிட்டீங்களா?"

"மீதி இல்லப்பா," என்றார் பரமசிவம். "ஒரு சொட்டு வைக்கல. எல்லாத்தையும் குடிச்சா."